சிகிச்சை அறையில் இசையா, வீட்டில் பாட்டா?

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இசை சிகிச்சை என்று முடிவானதும், சிகிச்சையாளரிடம் அழைத்துப்போவதா, நாங்களே வீட்டில் பாடுவதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

சிகிச்சையாளர் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளை மேளத்தைத் தட்டினால் அதே வேகத்தில் அவரும் தட்டுவார். அவன் நிறுத்தினால் தானும் நிறுத்திக் காத்திருப்பார். அப்படியொரு மௌனத்தில்தான் என் மகன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் பொறுமை பயிற்சியால் வருவது. என்னிடம் அது இருக்கவில்லை.

ஆனால் அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள். 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஐந்து மாத இசை சிகிச்சைக்குப் பிறகும், அது பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் சமூகத் தொடர்பு சார்ந்த அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதற்காக என் பிள்ளை அந்த அறையில் சிரித்த சிரிப்பு பொய்யாகிவிடாது. பேச்சுப் பயிற்சியை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டுப் பாட்டுக்குச் செலவில்லை, அலைச்சல் இல்லை. பல் துலக்க ஒரு வரி, செருப்பு மாட்ட ஒரு வரி. கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டால், சில நாள் அவனே "போகலாம்" என்று முடிக்கிறான். காதைப் பொத்தினால் உடனே நிறுத்திவிடுகிறேன்.

கையில் பணம் இருந்தால் சில மாதங்கள் சிகிச்சையாளரிடம் போங்கள். ஆனால் பெற்றோரை உள்ளே உட்கார விடுபவராகப் பாருங்கள். நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டது அந்த அறையின் மூலையில் உட்கார்ந்துதான்.