போன் ஹாட்ஸ்பாட்டையே முழுநேர நெட்டாக ஓட்டினால்

ஃபைபர் லைன் வராத தெரு, அடிக்கடி மாறும் வாடகை வீடு, பராமரிப்பு என்று மின்வாரியம் காலை 9 மணிக்கே நிறுத்தும் கரண்ட். காரணம் எதுவானாலும், லேப்டாப்புக்குப் போனிலிருந்து நெட் எடுப்பவர்கள் முதல் வாரம் திருப்தியாகத்தான் இருப்பார்கள். மாதக்கணக்கில் ஓடும்போதுதான் போன் கொதிப்பதும், மதியத்துக்குள் டேட்டா தீர்வதும், மீட்டிங் நடுவில் நெட் அறுவதும் தலைகாட்டும். இதில் பாதித் தொல்லை டவரால் வருவதில்லை. போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருக்கிற வைஃபையால் வருகிறது. மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் கேபிளைக் குத்திவிடுவதே நல்லது.

கேபிளை இணைத்த பிறகு செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெதரிங்கை, அதாவது போனின் நெட்டைக் கேபிள் வழியே பகிர்வதை, ஆன் செய்ய வேண்டும். இணைக்கும் வரை அந்த ஸ்விட்ச் மங்கலாகவே இருக்கும். இணைத்த பிறகும் மங்கலாக இருந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். பவர் பேங்க், ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வரும் குட்டைக் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் ஒயர் மட்டும்தான் இருக்கும், டேட்டா ஒயர் இருக்காது. இன்னொரு எரிச்சல்: கேபிள் ஒரு நொடி லூஸானாலும் டெதரிங் தானாக ஆஃப் ஆகிவிடும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'டீஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்று ஒன்று இருக்கும். அதில் யூஎஸ்பி டெதரிங்கைத் தேர்ந்தெடுத்து வைத்தால், லாக் திறந்த நிலையில் கேபிள் குத்தியதுமே நெட் ஓட ஆரம்பித்துவிடும்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு போன் தனியாக எதுவும் கேட்காது. மேக்கில் பழைய ஆண்ட்ராய்டு போன்கள் தகராறு செய்யும், அங்கே வைஃபைதான் வழி. ஐபோனை விண்டோஸில் கேபிளில் ஓட்ட ஆப்பிளின் டிரைவர் தேவை. ஐட்யூன்ஸ் போட்டால் அதுவும் கூடவே வந்துவிடும்.

சூட்டுக்கும் கேபிள்தான் மருந்து. வேகமான சார்ஜரில் போட்டுக்கொண்டே ஹாட்ஸ்பாட் ஓட்டினால் பேட்டரி, டவரோடு பேசும் ரேடியோ, வைஃபை மூன்றும் ஒரே நேரத்தில் சூடாகும். கொஞ்ச நேரத்தில் போன் தானே சார்ஜிங்கைக் குறைக்கும், வேகத்தையும் குறைக்கும். லேப்டாப்பின் சாதாரண யூஎஸ்பி போர்ட் 5 வோல்ட்டில் 0.5 முதல் 0.9 ஆம்பியர் வரைதான் தரும். அது சார்ஜை மெதுவாக ஏற்றும், அல்லது இறங்காமல் பிடித்து வைத்திருக்கும், சூடு ஏறாது. பின்கவரைக் கழற்றிவிட்டு, நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வைத்தால் போதும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி போனில் இருந்தால் அதையும் ஆன் செய்துவிடுங்கள்.

போனை எங்கே வைப்பது என்பதைத் திரையின் மேலே தெரியும் சிக்னல் கட்டத்தை எண்ணிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அபவுட் போன் பகுதியில் சிம் ஸ்டேட்டஸுக்குள் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 பக்கம் என்றால் அருமை, மைனஸ் 110ஐத் தாண்டினால் இழுவைதான். கான்கிரீட் சுவர் பக்கத்திலிருந்து ஜன்னலுக்கு நகர்த்தினாலே இந்த எண் கண்ணெதிரே மாறும். 5ஜி வந்து வந்து போகும் இடமென்றால், விருப்ப நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருப்பதில் மீட்டிங்கும் அறும், பேட்டரியும் தீரும்.

வைஃபையில்தான் ஓட்ட வேண்டும் என்றால் ஒரே அறைக்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சுவர் தாண்ட 2.4. ஆனால் 2.4இல் போட்டு, காதில் ப்ளூடூத் ஹெட்செட்டும் மாட்டினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். இரண்டும் ஒரே அலைவரிசைக்குச் சண்டை போடுகின்றன. பழைய பிரின்டரும் ஸ்மார்ட் பிளக்கும் 5 கிகாஹெர்ட்ஸைப் பார்க்கவே பார்க்காது. ஐபோன் 12 முதல் இதற்காகவே, ஹாட்ஸ்பாட்டை 2.4க்கு மாற்றும் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' ஸ்விட்ச் இருக்கிறது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் பழைய லேப்டாப் சேர மறுத்தால், ஹாட்ஸ்பாட்டின் செக்யூரிட்டியை டபிள்யூபிஏ3இலிருந்து 2க்கு இறக்குங்கள்.

இனி டேட்டா. தினம் 2 ஜிபி பேக்கை விழுங்குவது பெரும்பாலும் நீங்கள் இல்லை, விண்டோஸ் அப்டேட்டும் கிளவுட் ஃபோல்டரும்தான். விண்டோஸின் வைஃபை செட்டிங்ஸில், ஹாட்ஸ்பாட் பெயரின் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (அளவுள்ள டேட்டா என்று சொல்லும் ஸ்விட்ச்) ஆன் செய்தால் இவை பெரும்பாலும் அடங்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: அந்த செட்டிங் அந்த ஒரு பெயருக்கு மட்டும் பொருந்தும். யூஎஸ்பி டெதரிங்கை விண்டோஸ் ஈதர்நெட்டாக, அதாவது ஒயரில் வரும் நெட்டாகப் பார்க்கிறது. அதனால் ஈதர்நெட் பகுதியில் மறுபடி தனியாக ஆன் செய்யாவிட்டால் கேபிள் குத்திய அன்றே அப்டேட் இறங்கிவிடும். மேக்கிலும் ஐபோனிலும் 'லோ டேட்டா மோட்' இதே வேலையைச் செய்யும். இருவர் பேசும் வீடியோ கால் மணிக்கு சுமார் அரை ஜிபி எடுக்கும். டிவியை ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து ஆட்டோ குவாலிட்டியில் விட்டால், ஒரு படம் முடிவதற்குள் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். அதன் பிறகு வேகம் வெறும் 64 கேபிபிஎஸ். வாட்ஸாப்பில் எழுத்து மட்டும் போகும்.

இரண்டு சிம் போனில் ஒரு கோளாறு உண்டு. நெட் முதல் சிம்மில் ஓடும்போது இரண்டாவது சிம்முக்கு அழைப்பு வந்து எடுத்தால், பல போன்களில் டேட்டா நின்றுவிடும். லேப்டாப்பில் வைஃபை நன்றாகவே காட்டும், பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அழைப்பின்போது டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றும் ஸ்விட்ச் சிம் செட்டிங்ஸில் இருக்கிறது. இரண்டாவது சிம்மிலும் பேக் இருந்தால்தான் அதனால் பயன்.

ஆண்ட்ராய்டில் போட்ட விபிஎன் (நெட் போக்குவரத்தை மறைகுறியாக்கி வேறு சர்வர் வழியே அனுப்பும் ஆப்) பொதுவாக லேப்டாப்புக்குப் பொருந்தாது, அதை லேப்டாப்பிலேயே தனியாகப் போட வேண்டும்.

பழைய போன் ஒன்றில் சிம் போட்டு நிரந்தர ஹாட்ஸ்பாட்டாக வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் 'யாரும் இணையாவிட்டால் ஆஃப்' என்ற ஆப்ஷனை முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் காலையில் எழுந்ததும் நெட் இருக்காது. இரவு பகலாக சார்ஜரிலேயே விடாமல் டைமர் பிளக்கில் போடுங்கள். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ, மேஜையில் வைக்கும்போது ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அந்தப் போனை அன்றே சார்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள்.