கியர்பாக்ஸ் முனகலைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்டெதஸ்கோப்

என் பழைய லாரி நியூட்ரலில் நின்றாலே கியர்பாக்ஸ் முனகும். கிளட்சை மிதித்தால் ஓரிரு நொடியில் அடங்கும், காலை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் போயிருந்தால் மிதிக்கும்போதுதான் கத்தும். மிதித்தால் இன்ஜின் தொடர்பு விட்டு, பெட்டிக்குள் சுழல்வது நிற்கும். ஆக, கோளாறு பெட்டிக்குள்ளே. சரி, உள்ளே எங்கே? அதற்காகத்தான் இந்த மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை வாங்கினேன்.

டாக்டர் மாட்டுவது மாதிரியேதான். மார்பில் வைக்கும் வட்டுக்குப் பதில் நீளமான இரும்புக் கம்பி. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஐடிலில் விட்டுக் கீழே படுத்தேன். பின்பக்கம் வெறும் உறுமல். முன்னால் கீழே, கவுண்டர் ஷாஃப்ட் (பெட்டிக்குள் கீழே சுழலும் துணைத் தண்டு) முனையில் கொஞ்சம் கூடுதல். கம்பியை மேலே நகர்த்தி கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் சேரும் இடத்தில் வைத்தேன் பாருங்கள், மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்று காதில் அடித்தது. இன்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்! ஆயிலை வடித்தபோது டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு, நடுவே ஊசி ஊசியாக இரும்புத் துணுக்குகள். பெட்டியை இறக்கிப் பிரித்தால் அதே பேரிங்தான், உருளும் பாதை முழுக்கக் குழி.

குறைகளும் உண்டு. காதுமுனை பத்து நிமிடத்தில் வலிக்கிறது, ரப்பர் குழாய் குட்டை. வண்டி ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு இது உதவாது. முன்பெல்லாம் ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் வைத்துத்தான் கேட்பேன்; அதில் எல்லா இடமும் ஒரே இரைச்சல். இதற்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன்.