பல்லாங்குழிப் பலகை: பெங்களூரில் வாங்குமுன் குழியைப் பாருங்கள்

பள்ளியில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எண்ணிவிட்டு வரும் பிள்ளைக்கு, வீட்டில் தமிழில் எண்ண வைக்க என்ன வாங்கித் தரலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் பல்லாங்குழி, வரிசைக்கு ஏழாக இரு வரிசைக் குழியுள்ள பலகையில் காய் போட்டு ஆடும் ஆட்டம். எண் அட்டைகளையும் ஒலி எழுப்பும் பொம்மைகளையும் விட இது மேல். ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாப் பலகையும் பிள்ளையின் கைக்கு உதவாது. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ், காந்தி பஜார் பக்கம் தேடும்போது 'அளகுளி மணெ' என்று கேளுங்கள், கன்னடத்தில் அதுதான் பெயர். மங்களூர்ப் பக்கத்தவர் கடையென்றால் 'சென்னெ மணெ'.

முதலில் பார்க்க வேண்டியது குழியின் அடிப்பாகம். கிண்ணம்போல் வளைந்திருந்தால் பிள்ளையின் மூன்று விரல் வழித்து அள்ளிவிடும். இயந்திரத்தால் நேராகத் துளைத்துத் தட்டையான அடியோடு விட்டிருந்தால், ஓரத்தில் ஒரு காய் ஒளிந்துகொள்ளும். அள்ளிவிட்டோம் என்று பிள்ளை நினைக்கும், ஆட்டம் முழுதும் கணக்கு பிசகும். அகலம் 5 செ.மீ., ஆழம் 2 செ.மீ. இருந்தால் நல்லது. அளவுகோல் இல்லையென்றால் 15 புளியங்கொட்டையைக் கொட்டிப் பாருங்கள். விளிம்பைத் தாண்டாமல் நிற்க வேண்டும். ஆட்டம் சூடுபிடித்தால் ஒரு குழியில் அவ்வளவு சேரும்.

மடிக்கும் மரப்பலகை அழகு, காய்களை உள்ளேயே வைத்து மூடலாம். அதன் பலவீனம் கீலும் கொக்கியும். கீல் துருத்திக்கொண்டிருந்தால் பலகை தரையில் ஆடும். கொக்கி தளர்ந்தால் அலமாரியிலிருந்து எடுக்கும்போதே எழுபது காயும் கட்டிலுக்கடியில்தான். மடிப்பில் விரல் நசுங்கவும் வாய்ப்புண்டு, ஆகவே சிறு பிள்ளைக்கு ஒரே மரத்தில் கடைந்த பலகையே எங்கள் தேர்வு. பிளாஸ்டிக் மலிவு, கழுவலாம், ஆனால் எடை இல்லாததால் முழங்கை பட்டாலே நகரும், அடியில் ஈரத்துணி விரித்து ஆடலாம். வண்ணம் பூசியதென்றால் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் வாங்காதீர்கள்.

காய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் மறக்க வேண்டாம். காயாகப் பயன்படும் மஞ்சாடி விதை முழுச் சிவப்பு. குன்றிமணியில் சிவப்போடு கறுப்புக் கண் இருக்கும். குன்றிமணி கடும் நஞ்சு, கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பலகையோடு வரும் பையில் அது இருந்தால் அப்போதே அகற்றுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் எந்தக் காயையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். மற்றபடி கழுவி நன்றாகக் காயவைத்த புளியங்கொட்டையே போதும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். சோழி பருமன், சிறு குழியில் பத்துக்கு மேல் நிற்காது.

இனி இது எதைக் கற்பிக்கிறது என்பது. நான்கு வயதில் போட்டி வேண்டாம். ஒரு வரிசையின் ஏழு குழியில் ஒவ்வொன்றாகக் காய் போடுவதே பாடம். இரண்டு காய் ஒன்றாக விழும், அல்லது ஒரு குழி தாண்டிப்போகும். காரணம் கவனக்குறைவு அல்ல. பெரியவர்கள் ஒரே கைப்பிடியிலிருந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவோம், அந்த விரல் நயம் இன்னும் அதற்கு வரவில்லை. இடக்கையில் காயை வைத்து வலக்கையால் ஒன்றொன்றாக எடுத்துப் போடச் சொல்லுங்கள், பிசகு குறையும்.

ஆறு வயதில் முழு ஆட்டம். குழிக்கு 5, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டு, எதிர் வரிசை வழியாகச் சுற்றி வர வேண்டும். கை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியென்றால் அதற்கடுத்த குழியில் இருப்பது நமக்கு, ஆட்டம் எதிராளிக்கு. வீட்டுக்கு வீடு விதி மாறும். எதிரே உள்ள குழியையும் எடுப்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் எடுக்காமல் ஆடுங்கள்.

இதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இந்த விதிப்படி முதலில் ஆடுபவர் எந்தக் குழியில் தொடங்கினாலும் அந்த முறை கிடைப்பது 7 காய். எல்லாக் குழியிலும் 5 இருப்பதால் தொடங்கும் இடம் எதையும் மாற்றாது. 6 வந்தாலோ 8 வந்தாலோ எங்கோ ஒரு காய் தவறியிருக்கிறது. நாம் திருத்த வேண்டியதே இல்லை, பிள்ளையே மறுபடி அடுக்கி ஆடிப் பார்க்கும். சில நாள் கழித்து "வேற குழியில ஆரம்பிச்சாலும் ஏன் ஏழே வருது?" என்று அது கேட்டால் பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள்.

அடுத்துப் 'பசு'. தன் வரிசையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் அதை எடுத்துக்கொள்ளும் விதி. நான்கு வரை எண்ணாமலே பார்வையில் பிடிபடும், அதற்கு மேல் எண்ணத்தான் வேண்டும். அந்த எல்லையிலேயே இந்த விதி நிற்பதால் கண் வேகமாகப் பழகுகிறது. அம்மாவோ தாத்தாவோ முந்திக்கொண்டு "பசு!" என்று கத்தினால் பயன் போச்சு. பத்து நொடி பொறுங்கள், தவறவிட்டால் விட்டதுதான்.

முழு ஆட்டத்தை முடிவுவரை இழுக்காதீர்கள், பிள்ளை சலித்துவிடும். ஒரு சுற்று, அதாவது பலகை ஒருமுறை காலியாகும்வரை, போதும். கடைசியில் குவியலைப் பத்துப் பத்தாகப் பிரித்துத் தமிழில் எண்ணுங்கள். பதின்மூன்று, இருபத்தொன்று என்று பத்தும் ஒன்றும் சொல்லிலேயே தெரிவது பெரிய வசதி. பலகை காலியானபின் "உனக்கு 38 இருக்கு, எனக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்காமல் 32 என்று வரும் நாளில் கழித்தல் புரிந்துவிட்டது.

பணம் கொடுக்குமுன் ஒரு வாரம் தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டு ஆடிப் பாருங்கள். வட்டத்தில் காய் உருண்டோடும், அது ஒன்றுதான் குறை. அந்த வாரத்திலேயே பிள்ளை தானாக வந்து கூப்பிட்டால் மரப்பலகைக்குச் செலவிடலாம்.