கிட்டாரே இல்லாத ஃபங்க்: ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்'

ஆல்பத்தின் முதல் பாட்டான 'கமீலியன்' தொடங்கியதும் அதிரும் அந்தக் கனத்த பேஸ் (அடித்தளக் கீழ் ஸ்தாயி), பேஸ் கிட்டார் அல்ல. ஜாஸ் பியானோக்காரர் ஹான்காக் ஆர்ப் ஒடிசி சிந்தசைசரில் வாசிப்பது. நிஜ பேஸ் கிட்டார்காரர் பால் ஜாக்சன் சற்றுப் பொறுத்துத்தான் நுழைகிறார். அதுவும் மேல் ஸ்தாயியில், ரிதம் கிட்டார் மாதிரி சின்னச் சின்னதாகக் கொத்திக்கொண்டு. முதல் தடவை கேட்பவர்கள் அதைக் கிட்டார் என்றே நினைப்பார்கள். 1973-இல் கொலம்பியா வெளியிட்ட இந்த ஆல்பத்தில் பேஸ் தவிர வேறு கிட்டாரே கிடையாது.

அந்த இடத்தை நிரப்புவது ஹோனர் டி6 கிளாவிநெட் என்ற மின் கீபோர்டு. அதன் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு ரப்பர் முனை, கம்பியை உலோகத்தின் மேல் அழுத்தும். பிக்கப் அந்த அதிர்வை எடுக்கும். பியானோ போல நீண்டு ஒலிக்காமல், சுண்டிவிட்டதுபோல நறுக்கென்று நிற்கும். தாளத்தையே முன்னிறுத்தும் அமெரிக்கக் கறுப்பின இசையான ஃபங்குக்கு வேண்டியதும் அந்த நறுக்குதான்.

'கமீலியன்' 15 நிமிடம் 41 விநாடி. அதில் பெரும்பகுதிக்கு இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு): பி ஃப்ளாட் மைனர் செவன், ஈ ஃப்ளாட் செவன். பி ஃப்ளாட்டை சட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா ஸ்வரங்கள். பேஸ் மட்டும் சதுஸ்ருதி தைவதத்தில் தொடங்கி, கைசிகி நிஷாதம், காகலி நிஷாதம் என்று அரை அரை ஸ்வரமாக ஏறி சட்ஜத்தில் விழும். காகலி இங்கே அந்நிய ஸ்வரம்; ருசியே அதில்தான். கீபோர்டில் வாசித்துப் பார்ப்பவர்கள் தடுக்குவதும் இங்கேதான். ஏறுகிற மூன்று ஸ்வரங்களும் தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு முன்னால் விழுபவை, நம் பாஷையில் அதீத எடுப்பு. முதல் ஸ்வரத்தையே 'ஒன்று' என்று எண்ணிவிட்டால், ஹார்வி மேசனின் டிரம்ஸ் நுழைந்ததும் கணக்கு இடிக்கும். பி ஃப்ளாட்டில் 'ஒன்று' வைத்து எண்ணுங்கள், சரியாகிவிடும்.

ஒடிசியில் ஒரே சமயத்தில் இரண்டு ஸ்வரத்துக்கு மேல் ஒலிக்காது. அதனால் சோலோ முழுக்க ஒற்றைக் குரல். ஸ்வரத்தை வளைத்து, இழுத்து, கீச்சிட வைத்து அந்தக் குறையையே ஹான்காக் சொத்தாக்கிவிடுகிறார். பாதி வழியில் தாளமும் கார்டுகளும் மாறி ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோ சோலோ வரும். ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்த பியானோக்காரர் அப்போதுதான் முகம் காட்டுகிறார். பிளேலிஸ்ட்களில் வெட்டிச் சுருக்கிய சிங்கிள் வடிவமும் சுற்றுகிறது. நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

'வாட்டர்மெலன் மேன்' அவருடைய 1962 பாட்டுதான், மேசன் புது ஏற்பாடு செய்தது. தொடக்கத்தில் வரும் ஊதலும் குரலும் மத்திய ஆப்பிரிக்காவின் பா-பென்செலே மக்களின் 'ஹிண்டேவூ' பாணி: பப்பாளித் தண்டில் செய்த ஒற்றை ஸ்வரக் குழலை ஊதி, அடுத்த நொடி குரல் கொடுத்து, மாற்றி மாற்றிச் செய்வது. தாள வாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் குழலுக்குப் பதில் பீர் பாட்டிலை ஊதுகிறார். அபாரமான யோசனை. ஆனால் இன்னொரு மக்களின் முறையை இப்படி எடுத்தாண்டது பின்னாளில் விமர்சனத்துக்கு உள்ளானது, நியாயமாகவே.

ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனுக்குக் காணிக்கையான 'ஸ்லை' ஆல்பத்தின் நாலு பாட்டில் கொஞ்சம் சுமார் என்பேன். நிதானமாகத் தொடங்கித் திடீரென வேகமெடுக்கும், சோலோக்கள் நீளம். கடைசி 'வெயின் மெல்ட்டர்' நேர் எதிர். இதயத்துடிப்பு போல டிரம்ஸ், அதன்மேல் பென்னி மாபினின் பேஸ் கிளாரிநெட். பழைய ஆறுபேர் குழுவைக் கலைத்தபோது ஹான்காக் மாபினை மட்டும் கையோடு வைத்துக்கொண்டது ஏன் என்பதற்கு இந்த ஒன்பது நிமிடமே போதும்.

கைப்பேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கிட்டத்தட்ட ஊமை. ஒடிசி பேஸின் அடிப்பாகம் காணாமல் போய், நுனி மட்டும் தட்தட்டென்று கேட்கும். சாதாரண ஹெட்ஃபோன் போதும். பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேசனின் கிக் டிரம்மும் பேஸும் ஒரே களியாகிவிடும். முதல் நாலு நிமிடம் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அடுத்த தடவை கிளாவிநெட்டை. ஒவ்வொருவரும் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

பழைய எல்பி வாங்குவதானால் உறையில் 'குவாட்ரஃபோனிக்' என்று இருக்கிறதா பாருங்கள். நாலு ஸ்பீக்கருக்கான தனி மிக்ஸ் அது. இரண்டு ஸ்பீக்கரில் ஓடும், ஆனால் வாத்தியங்களின் சமநிலை வேறு. முதலில் வாங்கும் பிரதிக்கு ஸ்டீரியோவே சரி. முதல் பக்கம் 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. 'வாட்டர்மெலன் மேன்' தட்டின் உள்வட்டத்தில் விழுகிறது. தேய்ந்த பிரதியில் முதலில் கரகரக்கும் இடம் அதுதான். கடையில் போட்டுக் காட்டச் சொன்னால், ஊசியை நேராக அங்கே வைக்கச் சொல்லுங்கள்.