சர்வர் வாங்கியவர்கள் திரையின் வலது கீழ் மூலையை ஒருமுறை பாருங்கள்

போன மாதம் 20ஆம் தேதி, மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். காலை ஒன்பதரை மணிக்கு என் ஆபீஸில் இருக்கும் ஏழு சிஸ்டத்தில் ஒன்றில்கூட, கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் திறக்கவில்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் மானிட்டரைப் போட்டுப் பார்த்தால் விண்டோஸ் வந்திருக்கிறது, அதிலேயே டேலியைத் திறந்தால் திறக்கிறது, ஆனால் மற்ற சிஸ்டங்களுக்கு அப்படி ஒரு சர்வர் இருப்பதே தெரியவில்லை. கேபிளை மாற்றினோம், சுவிட்சை அணைத்துப் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் கடையிலிருந்து ஒரு பையன் வந்து ரேம் கூட்டிவிட்டுப் போயிருந்தான். ரேம் போட்டதும் டிஸ்பிளே வரவில்லை என்று போர்டில் இருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினான். டிஸ்பிளே வந்தது, விண்டோஸ் வந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நடந்தது என்பதால் வேறு சிஸ்டத்திலிருந்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நான் ஈரோட்டில் வரிக்கணக்கு பார்க்கும் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறேன். மஞ்சள் மண்டிக்காரர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், தறி ஓட்டுகிறவர்கள் என்று நூற்றுக்கு மேல் கிளையண்ட்கள். எட்டு மாதத்துக்கு முன்னால், எல்லா டேட்டாவும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று சர்வர் வாங்கினேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பில்லில் “சர்வர் சிஸ்டம் – 1” என்று போட்டிருந்தார்கள், அதற்குக் கீழே தனி வரியில் “சர்வர் டிரைவர் இன்ஸ்டலேஷன் – ரூ.2,500”. டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் சாஃப்ட்வேர். விண்டோஸ் சர்வர் 2022. எங்கள் கண்முன்னால்தான் மாட்டினார்கள், நெட்வொர்க் உடனே வேலை செய்தது, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் மட்டும் “டெஸ்ட் மோட்” என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே விண்டோஸ் சர்வர் பெயர், பில்ட் 20348 என்று ஒரு எண். இது என்னங்க என்று கேட்டேன். “அது ஒண்ணும் இல்லீங்க சார், சர்வர்னா அப்படித்தான் வரும், வெர்ஷன் நம்பர்” என்றார் கடைக்காரர். நம்பினேன். எட்டு மாதம் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தோம். 20ஆம் தேதி காலையில் அந்த எழுத்து இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதுதான் காரணத்தைச் சொல்கிறது என்று அப்போது தெரியவில்லை.

கடைக்குப் போன் போட்டால் “விண்டோஸ் அப்டேட் ஆயிருக்கும் சார், ஆள் நாளைக்கு வருவான்” என்றார்கள். நாளைக்கு வந்து என்ன செய்ய? என் தங்கை மகன் கோவையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். அவனைக் கூப்பிட்டேன், பைக்கிலேயே கிளம்பி வந்துவிட்டான். வந்ததும், கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலாகக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தான். நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம், உள்ளே “கோட் 52”. இந்த டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை, அதாவது யார் செய்தது, பிறகு யாரும் திருத்தவில்லை என்று காட்டும் அடையாளத்தை, சரிபார்க்க முடியவில்லை என்று அர்த்தம். அடுத்து சர்வரின் பெட்டியைத் திறந்து போர்டைப் பார்த்தான். “மாமா, இது சர்வரே இல்ல. வீட்டு டெஸ்க்டாப்புக்குப் போடற போர்டு.”

பி660 சிப்செட் போர்டு, அதில் இன்டெல் ஐ219-வி என்ற லேன் சிப். அந்தப் போர்டைச் செய்தவர்களின் தளத்தில் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கு மட்டும்தான் டிரைவர் இருக்கிறது, சர்வர் என்ற பேச்சே இல்லை. சிப்பின் பெயரில் கடைசியில் வரும் எழுத்தைக் கவனிக்க வேண்டும் என்றான். வி என்றால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, எல்எம் என்றால் ஆபீஸ் வகைக்கு. இரண்டுக்கும் உள்ளே ஓடும் டிரைவர் ஒன்றுதான், ஆனால் அதோடு வரும் ஐஎன்எஃப் ஃபைலில், அது வெறும் நோட்பேடில் திறக்கிற எழுத்து ஃபைல், எந்த விண்டோஸுக்கு எந்தச் சிப் என்று பட்டியல் தனித்தனியாக இருக்கும், சர்வருக்கான பட்டியலில் வி இருக்காது. அதனால் செட்டப் ஃபைலை ஓட்டினால் பொருத்தமான கார்டே இல்லை என்று நின்றுவிடும். சர்வர் வகை விண்டோஸ் இந்த விஷயத்தில் வீட்டு விண்டோஸைவிடக் கறார். விண்டோஸ் 10 ஏற்றுக்கொள்கிற சில கையெழுத்துகளையே சர்வர் 2016உம் அதற்குப் பிறகு வந்தவையும் ஏற்பதில்லை, மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் முழுச் சோதனையிலும் தேறிய டிரைவராக இருக்க வேண்டும்.

இதில் எங்கே தப்பு என்றால், டெஸ்க்டாப் போர்டில் சர்வர் போட்டதே பெரிய குற்றம் என்று நான் சொல்லவில்லை. காசு இல்லாதவர்கள் தெரிந்தே அப்படிப் போட்டுக்கொள்கிறார்கள், எத்தனையோ இடத்தில் நன்றாக ஓடுகிறது. நேர்மையான வழியும் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் “ஹேவ் டிஸ்க்” கொடுத்து, அதே தலைமுறை எல்எம் சிப்பின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும், சரி என்றால் பெரும்பாலும் வேலை செய்துவிடும். ஃபைலில் ஒரு எழுத்தும் மாறாததால் கையெழுத்தும் அப்படியே நிற்கும். இன்னும் நல்லது, சர்வருக்கென்று வரும் ஒரு லேன் கார்டை வாங்கிச் செருகிவிடுவது. இது எதையும் அவர்கள் செய்யவில்லை.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? எங்கிருந்தோ ஒரு “மாடிஃபைடு டிரைவர் பேக்” இறக்கியிருக்கிறார்கள். யாரோ ஐஎன்எஃப் ஃபைலைத் திருத்தி, திருத்தியதால் ஒரிஜினல் கையெழுத்து உடைந்துபோக, தானே ஒரு சர்டிஃபிகேட் உண்டாக்கி டிரைவர் முழுவதற்கும் மறுபடி கையெழுத்துப் போட்ட பொதி அது. அப்படிப்பட்ட கையெழுத்தை விண்டோஸ் சும்மா ஏற்காது. அதற்காக, விண்டோஸுக்கு முன்னால் ஓடி போர்டின் அமைப்புகளை வைத்திருக்கும் பயோஸில், நம்பகமான கையெழுத்து இல்லாததைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறார்கள், விண்டோஸை டெஸ்ட் மோடில் போட்டிருக்கிறார்கள். வலது மூலையில் இருந்த எழுத்து அதுதான். டிரைவர் எழுதுகிறவர்கள் தங்கள் மேஜையில் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் நிலை அது, மற்றவர்களின் கணக்கு வழக்கு இருக்கிற இயந்திரத்தை எட்டு மாதம் அதிலேயே ஓட்டியிருக்கிறார்கள். ரேம் போட வந்த பையன் பேட்டரியைக் கழற்றினதும் பயோஸ் பழைய நிலைக்குப் போய் செக்யூர் பூட் தானாக மறுபடி வந்துவிட்டது. செக்யூர் பூட் இருந்தால் டெஸ்ட் மோட் செல்லாது. எழுத்தும் போயிற்று, டிரைவரும் போயிற்று, லேனும் போயிற்று.

எனக்கு வயிற்றைக் கலக்கியது இது இல்லை. தங்கை மகன் சர்டிஃபிகேட் பட்டியலைத் திறந்து, விண்டோஸ் கேள்வி கேட்காமல் நம்பும் சர்டிஃபிகேட்கள் இருக்கும் “டிரஸ்டட் ரூட்” என்ற பகுதியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். ஊர் பேர் தெரியாத ஒரு சர்டிஃபிகேட். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கைக்கு வந்ததைத் தட்டியது மாதிரி ஆறு எழுத்து, காலாவதி 2039. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: “மாமா, இதோட சாவி யார்கிட்ட இருக்கோ, அவன் எதுல கையெழுத்துப் போட்டாலும் உங்க சர்வர் நம்பும்.” போலியாக ஒரு இணையதளம் காட்டினாலும் நம்பும், போலி சாஃப்ட்வேர் வந்தாலும் நம்பும். நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட், போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான். என்னை நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தச் சர்டிஃபிகேட்டை யாராவது தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு எங்களுக்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றைக்குத் தாக்கல் எப்படி நடந்தது என்றால், சர்வரின் ஒரே கீபோர்டில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தோம். ரிப்போர்ட்டை பென் டிரைவில் எடுத்து, வேறு சிஸ்டத்தில் போர்ட்டலைத் திறந்து போட்டோம். ராத்திரி பதினொன்றரைக்கும் ஒன்பது பேருடையது பாக்கி. அது 21ஆம் தேதிதான் போனது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், 18 சதவீதக் கணக்கில் ஒரு நாள் வட்டி, எல்லாம் நானே கட்டினேன். தொகை சின்னதுதான், ஆனால் இருபது வருடமாக வருகிற ஒரு மண்டிக்காரரிடம் “உங்களுடையது ஒரு நாள் தள்ளிப்போய்விட்டதுங்க” என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி போட்டோம். அந்தச் சர்டிஃபிகேட்டை மட்டும் நீக்கினால் போதாதா என்று கேட்டேன், எட்டு மாதம் கதவு திறந்து கிடந்த வீட்டில் பூட்டை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம் என்றான், எனக்கும் அது சரியென்று பட்டது. டேலி டேட்டாவை மட்டும் வெளியே எடுத்து, செக்யூர் பூட் போட்டபடியே சர்வர் 2022ஐப் புதிதாக ஏற்றி, அவன் கொண்டுவந்த இன்டெல் ஐ350 கார்டைச் செருகினோம். தனியாக டிரைவர் தேடவே வேண்டியிருக்கவில்லை, விண்டோஸே அடையாளம் கண்டுகொண்டது. போர்டில் இருந்த லேனை பயோஸில் அணைத்துவிட்டோம். சவுண்ட் கார்டுக்கு மஞ்சள் குறி இன்னும் இருக்கிறது, இருக்கட்டும், சர்வரில் யார் பாட்டுக் கேட்கப் போகிறார்கள்? பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்ற நான்கு நாள் ஆயிற்று.

கடைக்கு நேரில் போனேன். முதலில் “ரேம் போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க” என்றார். கோட் 52 போட்டோவையும் சர்டிஃபிகேட் போட்டோவையும் காட்டினதும், “எல்லாரும் இப்படித்தான் சார் போடறாங்க, ஒரிஜினல் சர்வர்னா நீங்க சொன்ன பட்ஜெட்டுக்கு வராது” என்றார். வராது என்றால் அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, நான் ஒரு லேன் கார்டுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்றா சொன்னேன்? அதற்குப் பதில் இல்லை. டிரைவர் இன்ஸ்டலேஷன் என்று வாங்கிய 2,500ஐத் திருப்பிக் கொடுத்தார். மற்றதற்கு கையை விரித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

உங்கள் ஆபீஸில் யாராவது அசெம்பிள் செய்து கொடுத்த சர்வர் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். வலது கீழ் மூலையில் டெஸ்ட் மோட் என்று இருக்கிறதா? இல்லாவிட்டாலும், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிசிடிஎடிட் (bcdedit) என்று அடியுங்கள். வருகிற பட்டியலில் டெஸ்ட்சைனிங் (testsigning) அல்லது நோஇன்டெக்ரிடிசெக்ஸ் (nointegritychecks) என்ற வரிக்கு எதிரே “எஸ்” (Yes) இருந்தால் உடனே தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆஃப் என்றால் ஏன் என்று கேளுங்கள். நீங்களாக அதை ஆன் செய்துவிடாதீர்கள், எங்களுக்கு ஆனது போலவே வேலை நாளில் லேன் போய் நிற்கும். புதிதாக வாங்குகிறவர்கள் போர்டின் மாடல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், அந்தப் போர்டின் தளத்தில் விண்டோஸ் சர்வர் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அதே கடைக்காரர் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு ஆபீஸுக்குச் சர்வர் போட்டிருக்கிறார், சிபாரிசு செய்தது நான்தான். நேற்று ஒரு ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தோம். அதே ஆறு எழுத்துச் சர்டிஃபிகேட், அதே 2039. இன்னொருவர் வெளியூரில் இருக்கிறார், காலையிலிருந்து நான்கு முறை போன் போட்டுவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.