எல்.டி.எல். ஏறியது, நான்-எச்.டி.எல். இறங்கியது: எதை நம்புவது?

தீபாவளி முடிந்த வாரத்தில் எடுத்த என் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட் இது: மொத்தக் கொலஸ்ட்ரால் 212, எச்.டி.எல். என்கிற 'நல்ல கொலஸ்ட்ரால்' 36, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 310, எல்.டி.எல். என்கிற 'கெட்ட கொலஸ்ட்ரால்' 114. எல்லோரையும் போல எல்.டி.எல்.லை மட்டும் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று மடித்து வைத்தேன். டாக்டர் விடவில்லை. மூன்று மாதம் தினமும் நடை, ராத்திரி சாதத்துக்குக் கத்தரி, இனிப்பு அறவே கிடையாது. மறுபடி எடுத்தால் மொத்தம் 195, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 180. எல்.டி.எல். 121! இவ்வளவு பாடுபட்டும் ஏறிவிட்டதே என்று வயிறு எரிந்தது.

ஏறியதற்குக் காரணம் கணக்கு. பல லேப்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை. 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம்தான் இன்னும் ஓடுகிறது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. முதல் தடவை அப்படிக் கழிந்தது 62, இரண்டாம் தடவை 36. ட்ரைகிளிசரைடு எகிறியிருந்தால் எல்.டி.எல். உள்ளதைவிடக் குறைவாகத் தெரியக்கூடும். 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது. எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம் என்பதோ நம் ஊரில், அதுவும் சர்க்கரை உள்ளவர்களிடம், வீட்டுக்கு வீடு பார்க்கிற ரிப்போர்ட்.

நான்-எச்.டி.எல்.லுக்கு (non-HDL, அதாவது எச்.டி.எல். அல்லாத மீதிக் கொலஸ்ட்ரால்) ஒரே ஒரு கழித்தல் போதும்: மொத்தம் கழித்தல் எச்.டி.எல். எனக்கு 176-லிருந்து 157. நான் பட்ட பாடு இதில்தான் தெரிந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் வி.எல்.டி.எல்., மிச்சசொச்சத் துகள்கள் எல்லாவற்றின் கொலஸ்ட்ராலும் இதற்குள் அடக்கம். வெறும் வயிற்றோடு போய் நிற்க வேண்டியதில்லை, கூடுதலாக ஒரு பைசாவும் இல்லை. எல்.டி.எல். இலக்கோடு 30 கூட்டினால் இதற்கான இலக்கு. அங்கே 100 என்றால் இங்கே 130. ஆக, நான் இன்னும் கரையேறவில்லை.

ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருப்பவர்களுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லும். அவர்கள் எல்.டி.எல்.லோடு நிறுத்திக்கொள்ளலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அதை வைத்தே நடந்தவை.

'நல்ல கொலஸ்ட்ரால்' கூடினால் போதும் என்ற பேச்சு பழசாகிவிட்டது. எச்.டி.எல்.லை நன்றாகவே ஏற்றிய டார்செட்ராபிப் மருந்தின் சோதனையை, சாவு கூடியதால் 2006-இல் பாதியில் நிறுத்தினார்கள்.

அப்புறம் அபோ-பி. படியக்கூடிய ஒவ்வொரு துகளிலும் இந்தப் புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். அதனால் இதை அளப்பது துகள்களை எண்ணுவது போல. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், அபோ-பிக்கும், எச்.டி.எல்.லில் இருக்கும் புரதமான அபோ-ஏ1-க்கும் உள்ள விகிதம் மாரடைப்புக் காரணங்களின் முன்வரிசையில் நின்றது. தரத்தில் இது நான்-எச்.டி.எல்.லையும் முந்தலாம். ஆனால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எங்கள் லேப்பில் ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை எடுத்ததில் 118 வந்தது. அதை வைத்துப் பெரிதாகப் பேச எனக்கு அனுபவம் போதாது.

எல்.டி.எல். மாதிரியான இன்னொரு துகளான எல்பி(ஏ) இந்தப் போட்டியிலேயே சேராது. அது பரம்பரைச் சொத்து, நடையாலும் பத்தியத்தாலும் பெரிதாக அசையாது, ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலும் போதும். அப்பாவுக்கு 48 வயதில் அட்டாக் வந்ததால் நானும் பார்த்துவிட்டேன், குறைவாகத்தான் இருந்தது.

அடுத்த டெஸ்ட் சித்திரையில். இந்தத் தடவை காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே லேப்புக்குப் போகப் போகிறேன்.