மழைத்தண்ணியா, போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா: நம்ம ஏரியா செடிக்கு எது செட் ஆவும்?

வடசென்னை தண்டையார்பேட்டைல மொட்டமாடில ரெண்டு ரோஜா, நாலு மல்லி, கறிவேப்பிலை, துளசின்னு ஏதோ கொஞ்சம் வெச்சிருக்கேன். மாதவரத்துல எங்க மாமா வீட்டு வாசல்ல பத்துக்குப் பத்து அடில கொரியன் புல் போட்டு அத கொழந்த மாதிரி பாத்துக்குறாரு. நாங்க சேர்ந்தா பேச்சு கடைசில தண்ணிலதான் போய் நிக்கும். மாமாவுக்கு போர்வெல் தண்ணிதான், சுவிட்ச போட்டா கொட்டுது, எவன்கிட்டயும் கெஞ்ச வேணாம். அத்தைக்கு மழ பேஞ்சாதான் செடின்னா செடி. நான் குழாய்லயும் லாரிலயும் வர்ற மெட்ரோ தண்ணி கேஸு. மூணையும் வருஷக்கணக்கா ஊத்திப் பாத்தாச்சு, அதான் எழுதுறேன்.

போர்லருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா நம்ம பக்கம் பிரச்சினையே அதான். மீஞ்சூர் சைடுல 1960-கள்லருந்து ஓவரா தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி கடல் தண்ணி நெலத்தடிக்குள்ள பூந்துருச்சு, கடலோரமா இருக்குற நம்ம தெருவுங்கள்லயும் பாதி போர் கரிக்கத்தான் செய்யுது. சோப்பு நுரைக்காது, டீ போட்டா பால் திரியும், அதையே செடிக்கு ஊத்துனா மட்டும் எப்டி ஒத்துக்கும்? மொதல்ல ஒண்ணும் தெரியாது. தண்ணி ஆவியாப் போயிரும், உப்பு மட்டும் மண்ணுலயே தங்கிரும், ரெண்டு மூணு மாசத்துல தொட்டி ஓரத்துல வெள்ளையா பூக்கும், அப்புறம் இலை நுனி தீஞ்ச மாதிரி பழுப்பாவும். இதுல பேஜார் இன்னான்னா, மண்ணுல உப்பு ஏறிட்டா ஈரம் இருந்தும் வேரால தண்ணிய இழுக்க முடியாது, செடி வாடுது, நாம தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு மக்கு அதே உப்புத்தண்ணிய ஊத்துறோம். என் மொத ரோஜா அப்டிதான் போச்சு.

போர விட்டா வேற வழியே இல்லன்னா தெனம் தெளிக்காதீங்க. தெளிச்சா மேல் மண்ணுலயே உப்பு சேரும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா, தொட்டிக்கு அடில ஓட்ட வழியா தண்ணி வெளிய வர்ற அளவுக்கு நல்லா ஊத்துங்க, உப்பும் கொஞ்சம் கூட சேர்ந்து எறங்கும். இலை மேல படாம மண்ணுல ஊத்துங்க. தென்னை, அரளி, அருகம்புல் இதெல்லாம் உப்ப ஓரளவு தாங்கும், ரோஜாவும் மல்லியும் தாங்காது.

மழைக்கு வருவோம். அத்தை சொல்றது சும்மா இல்ல. மழத்தண்ணில உப்பே கெடையாதுன்னு சொல்லலாம், இடி மின்னலோட வந்தா கொஞ்சம் நைட்ரஜனும் சேர்ந்து எறங்கும், அதான் ஒரு நல்ல மழைக்கு அப்புறம் புல்லு ரெண்டே நாள்ல கரும்பச்சையா நிக்குது. அதவிட முக்கியம், எட்டு மாசம் போர் தண்ணி ஏத்தி வெச்ச உப்ப ஐப்பசி மழ ஒரே அடியா கழுவி கீழ தள்ளிரும். எண்ணூர் பக்கம் இருக்குறவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும், இலை மேல படியுற சாம்பலையும் தூசியையும் மழதான் கழுவும்.

ஆனா கணக்கு பாக்கணும். ஒரு சென்டிமீட்டர் மழைன்னா சதுர மீட்டருக்கு 10 லிட்டர். மாமா புல்லு ஒம்போது சதுர மீட்டர் சொச்சம், ஆக 93 லிட்டர், ஆறு கொடம். வெயில் காலத்துல அந்தப் புல்லு வாரத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர் கேக்கும், 230 லிட்டர், பதினஞ்சு கொடம்! தொட்டிக்கு இன்னும் மோசம், ஒரு அடி வாய் இருக்குற தொட்டில ஒரு சென்டிமீட்டர் மழ பேஞ்சா முக்கா லிட்டர் கூட உள்ள போகாது, இலை வேற கொடை புடிச்சு வெளிய தள்ளிரும். 'நேத்து மழ வந்துச்சே'ன்னு தண்ணி ஊத்தாம விட்டு செடிய காய விட்டவங்கள்ல நானும் ஒருத்தன், வெரல விட்டு மண்ண தொட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

சென்னைக்கு வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் கிட்ட மழ, அதுல பாதிக்கு மேல அக்டோபர்லருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மாமா வாசல்ல நாலு நாள் தண்ணி நின்னுச்சு, வேருக்குக் காத்து போகாம புல்லு மஞ்சளாகி நடுவுல அழுகிருச்சு. ஏப்ரல், மே மாசத்துல பாத்தா ஒரு சொட்டு இருக்காது. அதனால புடிச்சு வெக்கணும். 600 சதுர அடி மாடின்னா ஒரு சென்டிமீட்டருக்கு 500 லிட்டருக்கு மேல வரும், மொத பத்து நிமிஷத் தண்ணிய மட்டும் வெளிய விட்ருங்க. டிரம் வாய்ல பழைய வேட்டிய இறுக்கிக் கட்டுங்க, இல்லன்னா டெங்கு கொசுவுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி.

மெட்ரோ தண்ணி பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. குளோரின் வாசன வந்தா ராத்திரி பக்கெட்ட தொறந்து வெச்சு காலைல ஊத்துங்க, போதும். செடிக்கு நல்ல தண்ணிதான், ஆனா 2019-ல புழல் ஏரியே வத்தி, நடு ராத்திரில கொடத்தோட லாரிக்கு நின்ன ஊர்ல பதினஞ்சு கொடத்த புல்லுக்கு ஊத்த எனக்கு மனசு வரல. தொட்டிக்கு ஒரு மக்குன்னா சரி. ஏசிலருந்து சொட்டுற தண்ணி கெடைச்சா அது துளசிக்கு ஓகே. ஆர்ஓ வேஸ்ட் தண்ணி வேணாம், அது போர் தண்ணிக்கு அண்ணன்.

இப்ப என் மாடில டிரம் தண்ணி ரோஜாவுக்கும் மல்லிக்கும், அது தீந்தா மெட்ரோ. மாமாதான் கடைசி வரைக்கும் போர விடல. கொரியன் புல்லு அழுகுன எடத்துல அருகம்புல் தானா வந்து படர்ந்துருச்சு, உப்புத்தண்ணிக்கும் அசரல, தேங்குன தண்ணிக்கும் அசரல. புடுங்கப் போனவர அத்தை விடல. போன பிள்ளையார் சதுர்த்திக்கு அந்தத் தெருவே அவர் வாசல்லதான் வந்து கிள்ளிட்டுப் போச்சு.